முதுகு நலக் குழுவின் இறுதி அறிக்கை

நெடுந்தூரக் கார் பயணத்தில் முதுகுவலியை ஒழித்த முதல் நிறுவனம் என்ற பெருமை, மதுரை பைபாஸ் சாலையிலிருந்து சுங்குடிச் சேலை ஏற்றுமதி செய்யும் எங்கள் நிறுவனத்துக்கே உரியது. உலகின் பெரிய நாடுகள் நிலவுக்கு ஆள் அனுப்புவதில் மும்முரமாக இருந்துவிட்டன. போகிற வழியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளுமே என்று எந்த நாடும் யோசிக்கவில்லை. நாங்கள் யோசித்தோம். குழு அமைத்தோம். ஏழு கூட்டங்களில் வலியை ஒழித்தோம்.

அந்தக் குழுவின் செயலாளர் நான். கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் நடக்கும் என்பதால், தகுந்த ஆளைத் தேர்ந்தெடுக்க மனிதவள மேலாளர் ஸ்ரீலட்சுமி மேடம் மிகவும் சிரமப்பட்டார். கடைசியில் என் மேசைக்கு வந்து, "உங்களுக்கு வீட்டுல யாரும் வெயிட் பண்ண மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். பதினான்கு மாதங்களாக யாரும் இல்லை என்றேன். அதைத் தகுதியாகக் குறித்துக்கொண்டார்.

இந்த மாபெரும் இயக்கம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. கடிதத்தை எழுதியவன் நான். கையெழுத்து மட்டும் டிரைவர் ஞானமுத்து அண்ணனுடையது.

ஞானமுத்து அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. வீடு பசுமலையில். பத்தொன்பது வருடங்களாக எங்கள் எம்.டி. வெங்கடேஷ்பாபு சாரின் காரை ஓட்டுகிறார். சார் மாதம் நான்கு முறை பெங்களூரு போவார். போக நானூற்று முப்பது கிலோமீட்டர், வர அதே அளவு. காரில் ஒரே ஒரு குறை. டிரைவர் சீட்டின் சாய்மானத்தைப் பிடித்து நிறுத்தும் லாக்கின் பற்கள் தேய்ந்திருந்தன. நிமிர்த்தி வைத்தால் நிற்கும். அடுத்த வேகத்தடையில் ஒரு பல் நழுவிப் பின்னால் சாயும். இன்னொரு வேகத்தடை, இன்னொரு பல். திண்டுக்கல் போவதற்குள் சீட் ஏறக்குறையப் படுத்துவிடும்.

அண்ணன் அதற்கு ஒரு வழி செய்திருந்தார். தன் சீட்டுக்குப் பின்னால் சாம்பிள் சேலை மூட்டை ஒன்றை அடைத்து, சாய்மானத்துக்கு முட்டுக் கொடுத்து ஓட்டினார். ஏற்றுமதித் தரம், தாங்கியது. ஆனால் மூட்டை அமுங்க அமுங்க அவருடைய முதுகில் வலி ஏறியது.

ஜனவரியில் ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, திருமங்கலத்துல பாண்டிராஜ்னு ஒரு மெக்கானிக். நமக்குப் பழக்கம். லாக்க மாத்த அரை மணி நேரம் போதும்ங்கிறான். என் கைக்காசப் போட்டு மாத்திக்கிறட்டுமா?"

நிறுவனத்தின் வாகனத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் எவரும் எதையும் செய்யக் கூடாது என்பது எங்கள் விதி. விதி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சரண்யாதேவிக்குத் திருமங்கலத்தில் மூச்சுத் திணறிய அன்று, அவளை மதுரைக்கு இந்தக் காரில்தான் கொண்டுபோனோம். பக்கத்தில் குடோனுக்கு வந்திருந்த ஞானமுத்து அண்ணன், யாரிடமும் கேட்காமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு நிமிடத்தில் மருத்துவமனை வாசலில் நிறுத்தினார். அவள் பிழைக்கவில்லை. அவருக்கு மெமோ வந்தது. அதோடு இந்த விதியும் வந்தது. இரண்டையும் டைப் செய்தவன் நான், விடுப்பு முடிந்து வந்த முதல் நாள்.

ஆகவே விதி எனக்கு நன்றாகத் தெரியும்.

"முறைப்படி போவோம்ணே" என்றேன். "ஒரு லெட்டர் குடுத்துருவோம். நான் எழுதித் தாரேன்."

"நீங்க படிச்சவுக. எழுதுங்க."

நான் முதுகலைப் பட்டம் பெற்றவன். மேலிடத்துக்கு எழுதும்போது எதையும் வெளிப்படையாகக் கேட்கக் கூடாது என்ற அளவுக்குப் படித்திருக்கிறேன். 'லாக் போய்விட்டது, மாற்றித் தாருங்கள்' என்று எழுதினால் அது விண்ணப்பம் அல்ல, உத்தரவு. முதலாளியின் காரைக் குறை சொன்ன குற்றமும் சேரும். ஆகவே இப்படி எழுதினேன்: "தங்கள் மேலான வழிகாட்டுதலில் இயங்கிவரும் நமது வாகனத்தில், நெடுந்தூரப் பயணங்களின்போது முதுகுவலி ஏற்படுவது தங்கள் கனிவான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவரப்படுகிறது. இதன்பொருட்டு ஆவன செய்யுமாறு வேண்டப்படுகிறது."

சீட் இல்லை. லாக் இல்லை. யாருடைய முதுகு என்பதும் இல்லை. மாசு மருவற்ற கடிதம்.

அண்ணன் இரண்டு முறை படித்தார். "நல்லாருக்கு தம்பி. இதுல சீட்டு எங்க வருது?"

"ஆவனங்கிறதுல வந்துருதுண்ணே."

கையெழுத்துப் போட்டார்.

வெங்கடேஷ்பாபு சார் கடிதத்தைப் படித்து நெகிழ்ந்துபோனார். தன் முதுகைப் பற்றி இவ்வளவு அக்கறையாக ஒருவர் எழுதியது அதுவே முதல் முறை. உடனே எல்லாரையும் கூப்பிட்டார்.

"கரெக்டாத்தான எழுதியிருக்கான். எனக்குச் சேலம் தாண்டுனாலே இந்த எடத்துல பிடிக்குது" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். ஸ்ரீலட்சுமி மேடமும் தன் இடுப்பைத் தொட்டுக்கொண்டார். விற்பனை மேலாளரும் தொட்டுக்கொண்டார். அவர் அலுவலகத்துக்கு நடந்து வருகிறவர். ஐந்து நிமிடத்தில் நிர்வாகம் முழுவதும் இடுப்பில் கை வைத்து நின்றது.

குழு உருவானது. பிரச்சினையைக் கண்டுபிடித்ததற்காக ஞானமுத்து அண்ணனுக்கு 'அக்கறையுள்ள ஊழியர்' என்ற சான்றிதழை லேமினேட் செய்து கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, சீட்டு?"

"குழு போட்டிருக்காங்கண்ணே."

"குழு எதுக்கு தம்பி? ஒரு ஸ்பானர் பத்தாதா?"

விஞ்ஞான நோக்கு இல்லாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நான் அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

இரண்டாம் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து நிபுணர் வந்தார். பெயர் ஸ்டீவ். 'நெடும்பயண முதுகெலும்புப் பயிற்றுநர்' என்று அவருடைய அட்டையில் இருந்தது. விமானத்தில் வந்திருந்தார். இத்தனை தெரிந்தவர் ஏன் காரில் வரவில்லை என்று மரியாதையாகக் கேட்டேன்.

"கார்ல அவ்வளவு தூரம் நான் போறதே இல்ல பிரதர்" என்றார். "முதுகு போயிடும்."

அவருடைய நேர்மையை அனைவரும் பாராட்டினோம்.

ஸ்டீவ் பேசியதில் பாதி எனக்குப் புரிந்தது. அந்தப் பாதியை மட்டும் குறிப்பில் எழுதினேன். மனிதன் காரில் 'உட்காரக்' கூடாது, 'அமர' வேண்டும். பாதம் தரையோடு நட்பாக இருக்க வேண்டும். முட்டி தொண்ணூறு பாகையில் மடங்கியிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி, உடம்பை முறுக்கி, முதுகெலும்புக்கு நன்றி சொல்ல வேண்டும். இதை நினைவூட்ட எல்லார் செல்போனிலும் ஒரு செயலி ஏற்றினார். அது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை குயில் போலக் கூவி, "உங்கள் முதுகு உங்களை நேசிக்கிறது" என்று ஒரு பெண் குரலில் சொல்லும். முதல் வாரம் முழுவதும் அலுவலகத்தில் முப்பது குயில்கள் கூவின. ஞானமுத்து அண்ணனிடம் பட்டன் போன்தான் இருந்தது. அவருடைய முதுகு அவரை நேசித்ததா என்று தெரியவில்லை.

மூன்றாம் கூட்டத்தில், என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, நான் வாயைத் திறந்தேன். டிரைவர் சீட்டின் லாக் சரியில்லை, குழு அதையும் பார்க்கலாமே என்றேன். ஸ்டீவ் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"பிரதர், வலி யாருக்கு வரும்? சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு. ஓட்டுறவர் சும்மாவா இருக்காரு? கை ஆடுது, கால் ஆடுது, கழுத்து திரும்புது. அவருக்கு அது ஒர்க்கவுட். இந்த வண்டியிலேயே கொடுத்துவச்ச முதுகு அவரோடதுதான்."

"பாத்தியா" என்றார் எம்.டி. சார். "அவனுக்கு எக்சர்சைசுக்கு நாம சம்பளம் குடுத்துக்கிட்டிருக்கோம்."

'ஓட்டுநரின் முதுகு இயல்பிலேயே பாதுகாக்கப்பட்டது' என்று குறிப்பில் எழுதினேன். வாசகம் நன்றாக அமைந்தது என்று மேடம் பாராட்டினார். உட்கார்ந்துகொண்டேன். மன்னிக்கவும், அமர்ந்துகொண்டேன்.

அடுத்த மூன்று கூட்டங்களில் பரிந்துரைகள் முடிவாயின. சாரின் இடுப்புக்கு வளைவான ஒரு தலையணை. சார் கால் நீட்ட வசதியாக, இடப்பக்க முன்சீட் நிரந்தரமாக மடக்கி வைக்கப்படும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை கார் நிற்கும். சார் இறங்கிப் பயிற்சி செய்வார். அவர் திரும்பி ஏறும்போது வண்டி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆகவே டிரைவர் இறங்காமல், என்ஜினை அணைக்காமல், ஏ.சி.யைக் காத்துக்கொண்டு சீட்டிலேயே இருப்பார். கடைசியாக, ஸ்டீவ் மிகவும் வலியுறுத்திய 'இட விடுதலை': காரில் தேவையற்ற பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடைசலான இடத்தில் முதுகெலும்பு பயப்படுமாம்.

மே மாதம் சோதனைப் பயணம். புறப்படும் காலையில், இட விடுதலையை ஸ்ரீலட்சுமி மேடமே தன் கையால் தொடங்கிவைத்தார். புகைப்படம் எடுக்கப்பட்டது. முதலில் வெளியே வந்தது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த சேலை மூட்டை.

"மேடம், அது மட்டும் கெடந்துட்டுப் போகட்டுமே" என்றார் ஞானமுத்து அண்ணன்.

"அதுதாண்ணா நெகட்டிவ் எனர்ஜியே" என்றார் மேடம்.

மூட்டை போய்விட்டது. எம்.டி. சார் பின்சீட்டில் இடப்பக்கம் 'அமர்ந்தார்'. முன்சீட் மடங்கிவிட்டதால், பார்வையாளராகிய நான் அவருக்குப் பக்கத்தில், டிரைவருக்கு நேர் பின்னால். இவ்வளவு உயர்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

பாத்திமா கல்லூரி தாண்டும்போதே முதல் பல் நழுவியது. சமயநல்லூரில் இரண்டாவது. அண்ணன் சாயாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டினார். திண்டுக்கல் தாண்டி, எம்.டி. சார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, திரும்பாமல் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, ஒங்க முட்டிய இந்தச் சீட்டுல கொஞ்சம் அண்டக் குடுக்கிறீங்களா?"

கொடுத்தேன். இரண்டு முட்டியையும் சாய்மானத்தில் ஊன்றிக்கொண்டேன். அவர் சாய்ந்தார். அவருடைய முதுகின் கனம் என் முட்டியில் இறங்கியது. "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. கரூர் வரை அப்படியே போனோம். குழுவின் ஏழு மாத வரலாற்றில் ஒரு முதுகுக்கு நடந்த ஒரே நன்மை அந்த எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். அது பரிந்துரைகளில் இல்லாததால் குறிப்பிலும் இல்லை.

கரூரில் குயில் கூவியது. எம்.டி. சார் விழித்து என் முட்டியைப் பார்த்தார்.

"என்னய்யா உக்காந்திருக்க? தொண்ணூறு டிகிரி எங்க? டெஸ்டு ட்ரிப்புல நீயே இப்பிடி இருந்தா ரீடிங் எப்பிடி சரியா வரும்?"

முட்டியை எடுத்தேன்.

சாய்மானம் பின்னால் வந்து என் மடியருகே நின்றது. அண்ணன் நிமிர்ந்துகொண்டார். கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. நானும் சாலையைத்தான் பார்த்தேன். என் முட்டி தொண்ணூறு பாகையில் இருந்தது. பெங்களூரு வரை அங்கேயே இருந்தது. மறுநாள் திரும்பும்போதும் அங்கேயேதான் இருந்தது. சார் தூங்கியபோதும் நான் அதை அசைக்கவில்லை. சோதனை என்றால் சோதனைதான்.

பெங்களூருவில் சாருக்கும் எனக்கும் அறை இருந்தது. அண்ணன் வழக்கம்போல காரிலேயே தூங்கினார். சீட் தானாகவே படுத்துக்கொள்ளும் என்பதால் அவருக்கு அது வசதி என்று எம்.டி. சார் சொன்னார்.

திரும்பும் வழியில், வாடிப்பட்டியில் குயில் கூவியது. கார் நின்றது. எம்.டி. சார் இறங்கி, ஒரு புளியமரத்தடியில் இடமும் வலமும் முறுக்கி, முதுகெலும்புக்கு நன்றி சொன்னார். ஞானமுத்து அண்ணன் ஏ.சி.யைக் காத்துக்கொண்டு உள்ளே இருந்தார். சார் வந்து ஏறிக்கொண்டு, "அற்புதம். ஒரு வலி இல்ல. போலாம் ஞானமுத்து" என்றார்.

கார் நகரவில்லை.

"சார், காலு இல்ல" என்றார் அண்ணன்.

"என்னது?"

"இருக்கு. ஆனா இருக்கிற மாதிரி இல்ல சார். பிரேக்க மிதிச்சா மிதிச்சது தெரியல."

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான்கு பேராக அவரைத் தூக்கிப் பின்சீட்டில் குறுக்காகப் படுக்க வைத்தோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சாரின் தலையணையில் ஷூ படாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே இருபத்து மூன்று வருட நிறுவன வரலாற்றில் முதல் முறையாக, வெங்கடேஷ்பாபு சார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் அண்ணனின் காலடியில், தரையில்.

முதல் வேகத்தடையில் சாருக்கு ஒரு பல் நழுவியது. இரண்டாவதில் இன்னொன்று. மூன்றாவதில் அவர் கூரையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா சீட்டு இது?" என்றார்.

பின்னாலிருந்து, படுத்தபடியே ஞானமுத்து அண்ணன் சொன்னார்:

"சாயாதீங்க சார். ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு முன்னாலயே இருங்க. பழகிரும்."

மதுரைக்கு இருபத்தாறு கிலோமீட்டர். அன்று மாலை எம்.டி. சாருக்கு இடுப்பில் சூடான ஒத்தடம் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, திருமங்கலத்திலிருந்து பாண்டிராஜ் வந்தார். பதினேழு நிமிடத்தில் லாக்கை மாற்றிவிட்டுப் போனார். கடிதம் இல்லை. அனுமதி இல்லை. 'ஆவன' இல்லை. எம்.டி. சார் போனில் சொன்னது மூன்றே சொல்: "லாக்க மாத்து இன்னைக்கே."

ஏழாம் கூட்டம் வெற்றிக் கூட்டம். ஸ்டீவ் சென்னையிலிருந்து வீடியோவில் தோன்றினார். பயணிகள் இருவருக்கும் வலி இல்லை என்பதால் சோதனை நூறு சதவீத வெற்றி என்றார். ஓட்டுநரின் விஷயம் வருத்தத்துக்குரியது. ஆனால் இரண்டு நாளில் அவர் ஒரு முறைகூட வண்டியை விட்டு இறங்கி உடம்பை முறுக்கவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும் என்றார். குழு கவனித்தது. அவரை இறங்கக் கூடாது என்று சொன்னதும் குழுதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பரிந்துரையை எழுதியவனுக்கு மட்டும் நினைவிருந்தது. அவன் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்கு இடுப்பில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருந்தன. இனி கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுவனம் அவரைக் கௌரவமாக விடுவித்தது. புதிய டிரைவராக அழகுபாண்டி வந்தான். இருபத்தெட்டு வயது. சீட் நிமிர்ந்து நிற்கிறது, அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை.

நினைவுப் பரிசாக அண்ணனுக்கு ஒரு வளைந்த தலையணை. நிறுவனத்தின் சின்னம் பொறித்தது. அதை எடுத்துக்கொண்டு நான்தான் பசுமலைக்குப் போனேன்.

அவர் மனைவி பிலோமினாள் அக்கா கதவைத் திறந்தார். பரிசை வாங்கி, அழுத்திப் பார்த்து, "பஞ்சு நல்ல பஞ்சு" என்றார். உள்ளே அண்ணன் தரையில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தார். எழுந்திருக்க முயன்றார். வேண்டாம் என்றேன்.

"நிக்க முடியுது தம்பி. உக்காரத்தான் முடியல" என்றார். "பத்தொம்பது வருசம் உக்காந்ததுக்கு இது போதும்னு விட்ருச்சு போல."

மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"சீட்ட மாத்திட்டாங்களா?"

"மாத்தியாச்சுண்ணே."

"பாண்டிராஜா வந்தான்?"

"ஆமாண்ணே."

"எம்புட்டு நேரம் ஆச்சு?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

"பதினேழு நிமிசம்ணே."

அவர் கோபப்படவில்லை. பிலோமினாள் அக்காதான் காப்பி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்:

"அன்னைக்கே அவன்ட்ட வண்டிய விட்ருக்கலாம்ல. முறையாப் போறேன் முறையாப் போறேன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்" என்றார் அண்ணன். "தம்பி சொன்னுச்சு."

குற்றம் சொல்கிற குரலில்லை அது. நேரம் கேட்டால் சொல்கிற குரல். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இறுதி அறிக்கையை முடிக்க அலுவலகத்துக்குத் திரும்பினேன். சீட் லாக் மாற்றப்பட்டது குழுவின் தொலைநோக்குக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நான்கு மாதமாக எந்த ஊழியரும் முதுகுவலி பற்றிக் கடிதம் கொடுக்கவில்லை என்று எழுதச் சொன்னார்கள். அதுவும் உண்மை, கொடுத்தவருக்கு என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். பயணம் செய்த ஒருவருக்கும் வலி ஏற்படவில்லை என்ற வாக்கியம் மட்டும் நான் சொந்தமாகச் சேர்த்தது. செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்திடும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன். கழுத்து, முதுகு, இடுப்பு, முட்டி. எனக்கு எங்கும் வலிக்கவில்லை.